உறையின் பின்பக்கத்திலிருந்த திகதி

என் பெயர் கிறிஸ்துநாயகம் டிலக்ஷி. வயது பதினேழு. குருநகரில் தாய் இராசாத்தியுடன் வசிக்கிறேன். தரம் ஒன்பதுடன் பாடசாலையை விட்டு, நண்டு பதனிடும் இடத்தில் வேலை செய்கிறேன். யோசப்பின் என்ற என் சித்தி அருகில் இருக்க, பெண் பொலிஸ் உத்தியோகத்தரிடம் இதைச் சொல்கிறேன்.

முதலில் நான் கண்டது என் பெருவிரலில் ஒட்டியிருந்த கறுப்பு மையைத்தான். கடந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியளவில், பிரகாஸ் என்பவரின் வீட்டில் இசைத்தட்டு உறைகளை மடித்துப் பெட்டிகளுக்குள் செருகிக்கொண்டிருந்தேன். பிரகாஸ் ‘கறள்’ என்ற நூ மெட்டல் இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பவர். என் அண்ணன் ஜெரிசன் அக்குழுவின் பாடகர். 2012 முதல் அவர்கள் செய்த பாட்டுகளில் பதினாறைத் தெரிந்தெடுத்து ஒரே தட்டாக மறுநாள் வெளியிட இருந்தார்கள். அண்ணன் பாதி பேச்சாகவும் பாதி கத்தலாகவும் பாடுவார். “உவன் கத்தினால் மீனெல்லாம் மன்னாருக்கு ஓடிடும்” என்று முன்பு அம்மா சொல்வார். இப்போது பாட்டில் அந்தக் கத்தும் இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்.

அண்ணன் 2024 பெப்ரவரி 20ஆம் திகதி தனியாகக் கடற்றொழிலுக்குப் போனார். அவரும் வரவில்லை, படகும் கிடைக்கவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கம் நின்றுவிடக் கூடாதென்று அம்மா மாதாமாதம் ரீலோட் செய்கிறார்.

மை மற்ற உறைகளிலும் இழுபட்டிருக்குமோ என்று ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அண்ணனின் படம் இருந்தது. அதன் கீழே, மரண அறிவித்தலில் போடுவதுபோல, ‘மலர்வு’ என்று பிறந்த திகதியும் ‘உதிர்வு’ என்று அவர் கடலுக்குப் போன திகதியும் அச்சிடப்பட்டிருந்தன.

அவ்வேளை பிரகாஸ் வந்து, “என்னடி, மை ஒட்டுதோ? மெல்லமாய் மடி. நாளைக்கு மேடையிலை முதற்பிரதி அம்மாவின்ரை கையிலைதான். அவவுக்கு இப்ப சொல்லிப்போடாதை” என்றார். நான் “ஓம்” என்றேன். அதன்பின் அவர் கதிரைகள் பார்க்க மண்டபத்துக்குப் போனார். அவர் வந்ததும் சொல்வதற்கு ஒரு வசனத்தை மனதில் சேர்த்து வைத்திருந்தேன். வந்தவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதன்பின் அவர் குளிக்கப் போன நேரத்தில், பெட்டிகளில் செருகியவற்றையும் உருவி, நூற்றைம்பது உறைகளையும் அரிசிப் பையொன்றில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். தட்டுகளைத் தொடவில்லை.

அதன்பின் வீட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு திகதி வரியைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். எழுத்துகள் அண்ணனின் முகத்தில் நாடிக்கு மிகக் கிட்ட இருந்தன. நாடியில் படாமல் வெட்டியதால், அம்மா கூப்பிடுவதற்குள் அறுபத்திரண்டுதான் முடிந்தது.

மறுநாள் விழா நடக்கவில்லை. உறைகள் களவு போனதாக பிரகாஸ் முறைப்பாடு செய்து, குழுவை விட்டுக் கோபித்துக்கொண்டு போன ஜஸ்ரின் மீது சந்தேகம் தெரிவித்தார். ஜஸ்ரினைப் பொலிசார் அழைத்ததை அறிந்து, இன்று காலை சித்தியுடன் பையைக் கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். ஜஸ்ரினுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

நிலையத்தில் பிரகாஸும் இருந்தார். பையைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. அவன்ரை வருசப் பூசையிலை கோயில் முன்வாங்கிலை இருந்து எல்லாரும் அழுதனாங்கள்தானே” என்றார்.

சித்தி, “எந்த வருசப் பூசை? அது அவன் திரும்பி வரவேணுமெண்டு அக்கா சொல்லுவிச்ச பூசையடா. சாமியார் என்னத்துக்கெண்டு சொல்லாமல் அவன்ரை பேரை மட்டும் வாசிச்சால் நீங்கள் ஆளைப் புதைச்சுப்போடுவியளோ?” என்று கேட்டார்.

பிரகாஸ் கதிரையில் இருந்துவிட்டார். அதன்பின், முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகவும் திகதி இல்லாமல் புதிதாக உறை அடிப்பதாகவும் உத்தியோகத்தரிடம் சொன்னார்.

இவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நடந்ததற்குக் கூடவோ குறையவோ எதுவும் இல்லை, ஒரு சொல்லைத் தவிர. அண்ணனின் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்று எழுதப்பட்டிருந்தது. அதை வெட்டும்படி கேட்டேன். உத்தியோகத்தர் சித்தியைப் பார்த்தார். சித்தி நிலத்தைப் பார்த்தார். இரண்டாவது முறை சத்தமாகக் கேட்டேன். அவர் வெட்டினார். வெட்டிய இடத்தில் ஒரு கையொப்பமும் கீழே ஒரு கையொப்பமும் இட்டேன்.

கி. டிலக்ஷி