அஞ்சு பட்டன் மிஷின்

— அப்போ முந்நூறு பேரோட கார்டும் எங்கதான் இருக்கு, ஒச்சப்பன்?

— இந்தா, இந்த பிஸ்கட் டின்னுக்குள்ள சார். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டா வச்சிருக்கேன். மேல கெடக்குறது திரி அறுக்குற பொம்பளைக, அடியில மருந்து கலக்குற ஆம்பளைக. தொட்டுப் பாருங்க, ஒரு கீறல் இருக்காது.

— கீறல் எப்படிய்யா இருக்கும்? பாருங்க, நான் கார்டு கம்பெனியில ரீஜனல் மேனேஜர். இதுக்காகவே சென்னையிலேர்ந்து வந்திருக்கேன். அது ஒவ்வொருத்தர் கழுத்துலயும் தொங்கணும்! அதுக்குத்தானே ஓட்டை போட்டு, நீலக் கயிறும் கோத்துக் குடுத்தோம்?

— கயிற ஒருத்தரும் கொறை சொல்லல சார். நல்ல ஒறப்பு. ஊருல பாதி ஆட்டுக்குட்டி அதுலதான் கட்டிக் கெடக்கு. ஆனா கார்டு இந்தக் கேட்டத் தாண்டாது. இது பட்டாசுக் கம்பெனி. உரசுற சாமான், பொறி தட்டுற சாமான், என்னன்னே தெரியாத சாமான், இந்த மூணையும் வாட்ச்மேன் எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும். பீடி, தீப்பெட்டி, செல்போன், இரும்புக் கொண்டை ஊசி எல்லாம் அப்படித்தான். உங்க கார்டு மூணாவது ரகம்.

— என்னன்னே தெரியாத சாமானா? அதுல சிப் இருக்குய்யா!

— அதத்தான் சொல்றேன். தங்கக் கலர்ல நெத்திப்பொட்டு கணக்கா ஒண்ணு ஒட்டியிருக்கு. அதுக்குள்ள என்னத்த அடச்சிருக்குன்னு எங்க போர்மேனுக்கும் தெரியல, மொதலாளி ராஜபாண்டியன் அய்யாவுக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?

— அடிப்படையில பாத்தா... அது ஒரு சின்ன கம்ப்யூட்டர்.

— நல்லா இருக்கு சார். முந்நூறு கம்ப்யூட்டர மருந்து ரூமுக்குள்ள விட்டுட்டு நான் இங்கன உக்காந்து வெத்தல போடவா?

— சரி, கார்டு டின்ல தூங்குது. அப்போ மிஷின்ல யார் போட்டது? தினமும் மும்பை ஹெட் ஆபீஸுக்கு நூறு சதவீதம்னு கணக்கு வருதே! வருகை, சாப்பாடு, பஸ், ஆஸ்பத்திரி, கடை. ஒரே கார்டு, அஞ்சு உபயோகம், அஞ்சுலயும் நூறு!

— நான்தான் சார்.

— முந்நூறு பேருக்கும்?

— உள்ள கரண்டு கெடையாதுன்னு மிஷின என் ரூமுலதான மாட்டுனீக? ஆளுக உள்ள போனதும் வருகைப் பட்டன். டீ குடிச்சுட்டு பஸ்ஸு. சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் போயிப் போயி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு. பொறவு சாப்பாடு. மொத நாளு முந்நூறு சாப்பாட்டையும் போட்டு முடிச்சுட்டு வீட்டுக்குப் போனா, வயிறு திம்முனு இருக்கு. அரைக் கும்பா கஞ்சி எறங்கல.

— யார்யா உங்களை இப்படிச் செய்யச் சொன்னது?

— உங்க ஆளுகதான். மிஷின மாட்டிட்டுப் போகயில, இது சும்மா இருந்துச்சுன்னா மும்பையில செவப்பு லைட்டு எரியும்னு சொல்லிட்டுப் போனாக. செவப்பா ஏதோ எரியும்னு பட்டாசுக் கம்பெனி வாட்ச்மேன்கிட்டச் சொன்னா அவனுக்குத் தூக்கம் வருமா சார்? உங்க ஆபீஸுல எம்புட்டுப் பேரு இருப்பாக, புள்ளகுட்டிக்காரங்க. நம்மால ஒரு விபத்து வேணாம்னுட்டு ஒரு நாளு விடாமப் போட்டேன்.

— அதான்! போன மாசம் மழைக்கு ஃபாக்டரியே மூடிக் கெடந்துது. அந்த வாரம் கூடக் கணக்குல இங்க கேன்டீன் நிரம்பி வழிஞ்சுது!

— ஆமா சார். அந்த வாரம் எல்லாருக்கும் ரெண்டு தடவ சோறு போட்டேன். குளிருக்குப் பசிக்கும்ல.

— ஒச்சப்பண்ணே! என் கார்டுல என்னத்த அமுக்கித் தொலச்சீக?

— யாரு, சண்முகத்தாயா? வா தாயி. என்ன, சரவெடி பின்னுறத விட்டுட்டு கேட்டுக்கு வந்துட்ட?

— டவுனு ஆஸ்பத்திரியில இருந்து நர்சம்மா சத்து மாத்திரையோட வீடு தேடி வந்து நிக்குது. எனக்கு ஆறாவது மாசமாம்! பேரன் பேத்தி எடுத்தவ நான்.

— ஆஸ்பத்திரி பட்டனு வரிசையாக் கேள்வி கேக்கும் தாயி. எல்லாத்துக்கும் ஆமான்னு அமுக்குனாத்தான் கார்ட வெளிய துப்புது.

— நீங்க பாட்டுக்கு அமுக்கிட்டீக. எம்மருமக என்னைய ஏற எறங்கப் பாக்கா. எம்மகன் மொகங்குடுத்துப் பேசல. எங்க வீட்டு மனுசன் மட்டும் மீசைய முறுக்கிக்கிட்டு டீக்கடை டீக்கடையாத் திரியுறாரு.

— அம்மா, நான் கார்டு கம்பெனி லட்சுமிகாந்தம். பாருங்கம்மா, இது அடிப்படையில ஒரு சின்னத் தவறு...

— சின்னதா? எங்க தெருவுல வந்து சொல்லுங்க சார், உங்களுக்கும் எத்தன மாசம்னு எண்ணிச் சொல்லிருவாளுக. ஒச்சப்பண்ணே, இன்னைக்கே அத மாத்துங்க. மாத்திரைய மட்டும் திருப்பிக் கேக்கச் சொல்லாதீக, ஒடம்புக்கு நல்லாத்தான் இருக்கு. நான் வாரேன், பின்னல் அப்படியே கெடக்கு.

— போயிட்டாங்களா? கதவைச் சாத்துங்க ஒச்சப்பன். இது விளையாட்டு இல்ல.

— இந்தா சாத்திட்டேன். ஏன் சார், வேர்த்துக் கொட்டுது? தண்ணி குடிக்கீகளா?

— பாருங்க. நாப்பது ஊர்ல இந்த மிஷினை வச்சோம். எல்லா இடத்துலயும் தூசி படிஞ்சு கெடக்கு. உங்க ஊர் விஸ்வநத்தம் ஒண்ணுதான் நூறு. 'முதல்ல அஞ்சு விஷயத்தையும் ஒரே கார்டுல பழக்கு, பழகின கை அப்புறம் தானா பணத்தையும் அதுலயே குடுக்கும்.' இதுதான் என் ஸ்ட்ராடஜி. 'விஸ்வநத்தம் மாடல்'னு பேர் வச்சு, சிங்கப்பூர் மீட்டிங்ல படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். எழுந்து நின்னு கைதட்டினாங்க.

— சந்தோசம் சார். அந்தப் படத்துல என்னையப் போட்டீகளா?

— உங்களைப் போட்டிருந்தா அன்னைக்கே நான் வீட்டுக்குப் போயிருப்பேன்! இன்னைக்கு மத்தியானம் எங்க தலைவி, பிரீத்திகா மேடம், மும்பையிலேர்ந்து நேர்ல பாக்க வர்றாங்க. இந்த டின் அவங்க கண்ணுல பட்டுது, என் வேலை போச்சு. ஐம்பத்திரெண்டு வயசுல யார்யா எனக்கு வேலை குடுப்பாங்க? ஒரே ஒரு நாள். டின்னை எங்கயாவது ஒளிச்சு வைங்க. கேட்டா, ஒவ்வொருத்தரும் அவங்கவங்களே போடறாங்கன்னு சொல்லுங்க. உங்க காலை வேணாப் பிடிக்கிறேன்.

— கால விடுங்க சார், பெரிய மனுசன். எந்த மேடத்தச் சொல்லுதீக? ஒல்லியா, கிராப்பு வெட்டி, கறுப்புக் கண்ணாடியத் தலையில ஏத்தி விட்டுக்கிட்டு இருப்பாகளே, அவுகளா?

— அவங்களேதான். எப்படித் தெரியும்?

— நேத்தே வந்துட்டுப் போயிட்டாகளே.

— நேத்தா! தனியாவா? என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?

— யாரு போடுறதுன்னு கேட்டாக. நான்தான்னேன். டின்னத் தொறந்து காட்டுனேன்.

— முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. திட்டினாங்களா?

— ஒரு வார்த்த வையல சார். இந்த ஸ்டூல்ல உக்காந்து ரொம்ப நேரம் என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாக. பொறவு, 'ஒரு நாளைக்கு உங்களால எம்புட்டுக் கார்டு போட முடியும்?'னு கேட்டாக. விரலு வீங்காத வரைக்கும் போடுவேன்னேன்.

— அப்புறம்?

— டிரைவரக் கூப்பிட்டு, கார்ல இருந்து ஒரு அட்டைப்பெட்டிய எறக்கச் சொன்னாக. அது பூராம் உங்க மும்பை ஆபீஸு, சென்னை ஆபீஸு ஆளுக கார்டாம். கம்பெனி ஆரம்பிச்ச நாளையில இருந்து ஒருத்தரும் ஒரு மிஷின்லயும் சொருகுனதில்லையாம். 'இதையும் சேத்துப் பாத்துக்கங்க அண்ணாச்சி'ன்னு கும்புட்டுட்டுப் போயிட்டாக.

— எங்க ஆபீஸ் ஆளுங்க கார்டா? அதுல... அதுல யார் யார் பேர் இருந்துது?

— உங்க படம் போட்டதும் ஒண்ணு இருக்கு சார், ஒறை கூடப் பிரிக்காம. காலையிலயே உங்களுக்கு வருகை போட்டாச்சு, பஸ்ஸும் ஏத்தியாச்சு. இன்னும் சாப்பாடுதான் பாக்கி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிஷின மறைக்கீக.