மூடிக்கு ஒரு வாஷர்

எனக்குச் சர்க்கரை இல்லாத டீ போதும் இன்ஸ்பெக்டர் சார். கடையில் இருந்திருந்தால் இரண்டு டீ சொல்லியிருப்பேன். ஒருவருக்கு மட்டும் டீ சொல்வது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் பிரேம்சிங். போடியில், முதுகில் மாட்டிப் பூச்சிமருந்து அடிக்கும் மெஷின் விற்கும் டீலர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சுவரோடுதான் பேச்சு. மெஷின் வாங்கியவர்களும் கடைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருடம் வந்த மெஷின் மட்டும் வேறு மாதிரி. மருந்து பட்டால் டேங்க் மூடியின் வாஷர் ஊறிப் பிதுங்கிவிடும். ஏலக்காய்த் தோட்டச் சரிவில் குனிந்து ஏறும்போது மருந்து முதுகில் வழியும். வாங்கியவர்கள் எல்லோரும் கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

கம்பெனி தப்பை ஒப்புக்கொண்டு, இலவசமாக மாட்டிக் கொடுக்கச் சொல்லி ஒரு பெட்டி நல்ல வாஷர் அனுப்பியது. முதலில், அப்படி வந்துகொண்டிருந்த யோகராஜின் மெஷினுக்கு மாட்டினேன். அதோடு அவர் வருவது நின்றுபோனது. தெருவில் பார்த்தாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

ராசிங்காபுரத்து மாசானம் ஞாயிறுதோறும் வருவார்.

"அண்ணே, இந்த வாரமும் முதுகு நனைஞ்சுபோச்சு. வெரசா மாட்டிக் குடுங்க, சோலி கெடக்கு."

அதே பழைய ரக வாஷரில் ஒன்றை எடுத்து மெதுவாக மாட்டுவேன். அதற்குள் மழை, மகள் படிப்பு, ஏலக்காய் விலை என்று பேசிக்கொண்டிருப்பார். காசு வாங்கியதில்லை. கடைசியாக வந்தபோது டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது.

"கண்ணு மங்குதுண்ணே."

மருந்தின் வேலை என்று எனக்குத் தெரியும். பெட்டி என் தலைக்கு மேலேதான் இருந்தது. கிளாஸைப் பிடித்து நானே குடிக்கவைத்தேன். அந்த வாரமே தோட்டத்தில் விழுந்து செத்துப்போனார்.

பழியைக் கம்பெனி மேல் போடச் சொல்கிறார் வக்கீல். தெரியாமல் விற்றவன் தப்பித்துக்கொள்ளலாமாம். எனக்குத் தெரியும் சார். மாசானத்தைக் கொன்றது நான்தான்.

காரியம் முடிந்து அவர் மனைவி ஜோதி அதே மெஷினைக் கொண்டுவந்தாள். இனி அவள் தம்பி லிங்கேஸ்வரன் மருந்தடிக்கப் போகிறானாம். சரிபண்ணிக் கொடுத்தேன். பழைய வாஷர்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் கடை பூட்டிக் கிடக்கும். பாவம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் திரும்பிப் போவான் சார்.