சார்ஜ் நிற்காத போன்

போன் வாங்கி இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் சார்ஜ் நிற்காது. இது எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். உங்கள் மேஜையில் கிடக்கும் போன்கூட நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஒயரோடுதான் இருக்கிறது. அதற்காக உங்களை யாரும் சந்தேகப்படப் போவதில்லை.

என் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்கிறீர்கள். அன்று மத்தியானம் நான் எங்கே இருந்தேன் என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பேட்டரியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். நடுவில் தொடங்கினால் என்னை ஏதோ கொலைகாரன் என்று நினைத்துவிடுவீர்கள். அவள்மேல் நான் ஒரு விரல்கூட வைத்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்களே, எங்கள் வீட்டில் குக்கர் சத்தம்தான் பெரிய சத்தம் என்று சொல்லியிருப்பார்கள்.

நான் கடைகளிலும் வீடுகளிலும் கேமரா மாட்டுகிறவன். அவள் ஒரு வாடகை வீட்டு ஏஜென்சியில் வேலை பார்த்தாள். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போய், குழாய் சொட்டுகிறதா, விளக்கு எரிகிறதா, பரணில் எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தனியாகத்தான் போவாள். பூட்டிய வீடு, ஆளில்லாத அறைகள், அவள் கையில் சாவி. நீங்களும் கல்யாணமானவர்தான், யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"என்னங்க, காலைல முழுசா சார்ஜ் போட்டுட்டுத்தான் போனேன். மத்தியானம் சாப்பிட உக்கார்றதுக்குள்ள செத்துப்போச்சு. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். வேண்டாத ஆப்களை எடுத்தேன். மறுநாளும் அதே பாட்டுத்தான். அப்போதுதான் எனக்குள் உறுத்த ஆரம்பித்தது. பைக்குள்ளேயே கிடக்கிற போனில் சார்ஜ் எங்கே போகும்? யாரிடமாவது பேசினால்தானே போகும். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். இல்லை என்கிறவளிடம் அதற்குமேல் என்ன கேட்பது? கேட்காமலே தெரிந்துகொள்ள வழி பார்த்தேன்.

இன்னொரு தரம் சரிபார்க்கிறேன் என்று வாங்கி அதில் ஒரு ஆப் போட்டேன். என் தொழிலில் இதெல்லாம் பழக்கம்தான். அவள் இருக்கும் இடம் என் போனில் தெரியும். அங்கே எழும் சத்தம் என் காதில் கேட்கும். அவள் திரையில் அதற்கு அடையாளமே இருக்காது.

"சரி பண்ணியாச்சு. இனிமே நிக்குதான்னு பாரு."

"நீங்க இருக்கிறப்ப எனக்கென்ன கவலை," என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆப்பும் சார்ஜைக் குடிக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. முன்பு மத்தியானம் வரை தாக்குப்பிடித்த போன், இப்போது அதற்கு முன்பே மூச்சு வாங்கியது. நான் நியாயமான ஆள். ஆப் தின்றதை அவள் தலையில் கட்டவில்லை. அதற்கு உரியதைக் கழித்துவிட்டுத்தான் பார்த்தேன். கழித்தாலும் மீதி இடித்தது. என் காதில் விழுந்ததெல்லாம் குழாய் திறக்கும் சத்தம், ஜன்னல் சாத்தும் சத்தம், அவள் தனக்குத்தானே முணுமுணுக்கும் ஏதோ பாட்டு. ஆனால் சார்ஜ் இறங்கியிருக்கிறது. அப்படியானால் நான் கேட்காத நேரத்தில் பேசியிருக்கிறாள். கேட்காத நேரமே இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். அதிலிருந்து காதில் இயர்போனோடுதான் ஏணி ஏறினேன். நான் கேட்கக் கேட்க இன்னும் வேகமாக இறங்கியது. என் சந்தேகம் வீண் இல்லை என்று அதிலேயே தெரிந்தது.

ஒருநாள் ஒரு ஆண் குரல் கேட்டது. "இந்த வாஷர மாத்தணும்மா, இல்லன்னா சொட்டிக்கிட்டேதான் இருக்கும்" என்றது. வேலையைப் போட்டுவிட்டு அந்தத் தெருவுக்கு ஓடினேன். பிளம்பர். என் அப்பா வயசு இருக்கும், படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். வயசை வைத்து யாரையும் ஒதுக்கிவிட முடியாது. அவர் வீடுவரை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"பேட்டரி பழசுதான்க்கா. ஆனா உள்ள வேற என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு. விட்டுட்டுப் போங்க, எல்லாத்தயும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தித் தரேன்."

"வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன் தம்பி."

வந்து கேட்டாள். "போனக் கடையில குடுத்தா அதுல இருக்குற போட்டோ எல்லாத்தயும் உருவிக்குவாங்க. உன் மூஞ்சி ஊர்ல எல்லார் போன்லயும் சுத்தணுமா?" என்றேன். "ஐயோ, வேணவே வேணாங்க," என்றாள். புதுப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் சார்ஜ் நிற்கும். நின்றுவிட்டால் அப்புறம் நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பிறகு அவளுடைய அக்கா ஒரு பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தாள். "தனியா போறவ, அவசரத்துக்குப் போன் இல்லாம என்னடி பண்ணுவ?" என்று அவள் சொன்னதையும் கேட்டேன். அக்காவுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை? இரண்டு பேரும் கூட்டு என்று புரிந்தது. அதன் பிறகு எப்போது பார்த்தாலும் போன் நிரம்பி வழிந்தது. எது ஆப் தின்றது, எது அவள் பேசியது, ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை சார். சில நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒரு காலையில் அவள் தலை சீவிக்கொண்டிருந்தபோது அந்தப் பவர் பேங்கை அவள் பையிலிருந்து எடுத்து என் டூல்ஸ் பெட்டிக்கு அடியில் போட்டேன். நீங்கள் கேட்கிற நாள் அதுதான்.

அன்று நான் ஒரு மருந்துக் கடையில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் இருந்தாள். கீழ் வீடும் காலி. பரணைப் பார்க்க ஏறியிருப்பாள். இயர்போனில் ஏணி வழுக்குகிற சத்தம் கேட்டது, அது எங்களைப் போன்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை அடுத்துக் கனமாக ஒரு சத்தம். கொஞ்சநேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் "அம்மா" என்று ஒரு முனகல். பையைக் கொட்டித் துழாவுகிற சத்தம் கேட்டது. பவர் பேங்கைத் தேடியிருப்பாள்.

என் போன் அடித்தது. அவள்தான்.

அவள் கூப்பிட்டால் எப்போதும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிடுவேன். அன்று எடுக்கவில்லை. காரணத்தை அவசரப்படாமல் கேளுங்கள். கஷ்டம் என்றால் புருஷனைக் கூப்பிடுவது ஊர் உலகத்துக்காகச் செய்வது, அதில் ஒன்றும் தெரியாது. புருஷன் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுகிறாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இத்தனை மாதமாக நான் தேடிய ஆளின் குரல் இன்னும் கொஞ்சநேரத்தில் கேட்கப்போகிறது. அந்த நேரத்தில் போனை எடுத்து நானே கெடுத்துக்கொள்வேனா?

"எடுத்துருவாரு," என்று தனக்குத்தானே சொன்னாள். மறுபடி என் போன்தான் அடித்தது.

"போன் அடிக்குதே சார், எடுத்துப் பேசுங்க. ஏணிய நான் பிடிச்சுக்கிறேன்," என்றார் மருந்துக் கடைக்காரர்.

"வேல நேரத்துல எடுக்குறதில்லீங்க."

நல்ல பழக்கம் என்று பாராட்டினார்.

அவள் போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டதை என் திரை காட்டியது. ஆப்பை நான் நிறுத்தினால் அந்தப் போன் இன்னும் சில நிமிஷம் பிழைத்துக் கிடக்கும். ஆனால் நிறுத்தினால் யாரிடம் பேசுகிறாள் என்று கேட்க முடியாது. நிறுத்தவில்லை. மூன்றாவது முறையும் என்னைத்தான் கூப்பிட்டாள். "என்னங்க, கால அசைக்க முடியலங்க, எடுங்களேன்," என்று அடித்துக்கொண்டிருந்த போனிடமே சொன்னாள். பாதி ரிங்கில் எல்லாம் நின்றுபோனது.

மாட்டிய கேமராவை ஓடவிட்டுக் காட்டிவிட்டு, அந்த வீட்டுக்கு எதிரே போய் நின்றேன். நீங்கள் போட்டுக் காட்டிய வீடியோவில் பேக்கரி வாசலில் நிற்பது நான்தான், மறுக்கவில்லை. மாடி ஜன்னல் திறந்திருந்தது. அவள் குரல் கேட்டதா என்கிறீர்கள். ஆரம்பத்தில் கேட்டது. ரோட்டில் போகிறவர்கள் காதில் விழுந்திருக்காது, எனக்கு விழுந்தது. மேலே போயிருக்கலாமே என்கிறீர்கள். போயிருந்தால், வருகிறவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நழுவியிருப்பான். முன்பே சொல்லி வைத்திருப்பாள், எப்படியும் அவன் வருவான் என்றுதான் நின்றேன். கண்கொத்திப் பாம்பாக அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவிளக்கு எரியும்வரை ஒருத்தரும் வரவில்லை. மாடியில் அதற்கு வெகுநேரம் முன்பே சத்தம் அடங்கிவிட்டது.

வீட்டுக்குப் போய் அவளுடைய அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னும் காணோமே, அங்க வந்தாளா?" என்று கேட்டேன். மறுநாள் ஏஜென்சி ஆள் மாற்றுச் சாவி போட்டுத் திறந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து உள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார். அவள் இல்லாத வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. பிடிக்காதவளாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருப்பேனா?

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அவள் போன் கால் விவரத்தையும் பார்த்தேன். ஏஜென்சி, அக்கா, நான். வேறு ஒரு நம்பர்கூட இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி அவள்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் விழுந்தது எனக்குத் தெரியும். உயிரோடு இருந்ததும் தெரியும். கூப்பிட்டது தெரிந்துதான் எடுக்கவில்லை, சாகும்வரை எதிரிலேயே நின்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு மனசு ஆறாதது ஒன்றே ஒன்றுதான். மூன்று முறையும் என்னையே கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருந்திருந்தால், நான்காவதாக யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்று தெரிந்துபோயிருக்கும்.