கொத்மலை எறக்கத்தில் ஒரு கொழுந்து லொறி

— இல்லக்கா, பெட்டரி நல்லாத்தான் இருக்கு. சாவியத் திருகினா ஸ்டார்ட்டர் கிர்ருன்னு சுத்துது, எஞ்சின்தான் அசைய மாட்டேங்குது. மெக்கானிக் றோலண்ட் பாஸ்கிட்ட போனக் குடுங்களேன்.

— அவரு கை பூரா கிரீசு தம்பி. நான் அவரு வீட்டுக்காரி, தெரேசா. எங்கிட்ட சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன். நீங்க யாரு, எங்க நிக்கிறீங்க?

— விஜிதரன். இந்தத் தேயிலைக் கொழுந்து லொறிக்கு வந்து நாலு நாளுதான் ஆச்சு. முன்ன கொழும்புல வேன் ஓட்டினேன். கொத்மலைப் பக்கம், கொழுந்து நிறுக்கிற கடைசி மடுவத்துல நிக்கிறேன். ஒங்க நம்பர் லொறிக் கண்ணாடியில ஒட்டியிருந்துச்சு.

— கூட யாரு இருக்கா?

— யாருமில்ல. நிறுத்து முடிச்சதும் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க எல்லாம் லயத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. பனி வேற எறங்குது. கொழுந்து உள்ளுக்குள்ள சூடேறுதுக்கா. வீணாப் போச்சுன்னா என்னய வேலைய விட்டே அனுப்பிருவாங்க.

— பதறாதீங்க. இருங்க, கேக்குறேன்... ஸ்டார்ட்டர் மோட்டார் முனையில சின்னப் பல்லுச்சக்கரம் ஒண்ணு இருக்காம். சாவியத் திருகினதும் அது முன்னால தாவி, எஞ்சின் பிளைவீல் பல்லக் கவ்வுமாம். மொதல்ல டக்குன்னு ஒரு சத்தம் வருதா?

— வருது. டக்கு, அப்புறம் கிர்ரு.

— அப்ப கவ்வுது. வழுக்குறது கிளட்ச்.

— நான் மிதிக்கிற கிளட்சா?

— அதில்ல. இது ஸ்டார்ட்டருக்குள்ளயே இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். மோட்டார் எஞ்சினச் சுத்துறப்ப இறுக்கிப் பிடிச்சுக்கும். எஞ்சின் எடுத்து வேகமா ஓடுச்சுன்னா விட்டுரும். விடலன்னா அந்த ஓட்டத்துல மோட்டார் செதறிப் போயிரும். குளுருக்கு உள்ள கிரீசு கட்டிப்போச்சுன்னா பிடிக்காம வெறுமன சுத்தும்.

— நீங்களே மெக்கானிக்காட்டம் சொல்றீங்களே.

— இருவது வருசமா ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவ தம்பி.

— பாஸ் சத்தமே கேக்கலயேக்கா.

— அவரு மெதுவாத்தான் பேசுவாரு. அஞ்சு எண்ணுற வரைக்கும் சாவியத் திருகிப் பிடிச்சிருந்து விடுங்க. சுத்துறது முழுசா நின்ன பெறகு மறுபடி. நிக்காமத் திருகினா பல்லச் சீவிரும்.

— ...மூணு தடவை பாத்துட்டேன். அதே கிர்ருதான்.

— லொறி மூஞ்சி எந்தப் பக்கம்?

— எறக்கத்தப் பாத்து. நேர் ரோடு, அந்தாண்ட மேடு.

— அப்ப நல்லது. எஞ்சின் ஓடாதப்ப பிரேக் கல்லாட்டம் இருக்கும், அழுத்தி மிதிக்கணும், அத மறந்துராதீங்க. சாவிய ஓன்ல வைங்க. ரெண்டாவது கியரப் போட்டு, கிளட்ச மிதிச்சுக்கிட்டு ஹேண்ட்பிரேக்க விடுங்க. நல்லா உருண்டதும் கிளட்சுல இருந்து கால எடுங்க. போனக் கீழ வைங்க, கட் பண்ணிராதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.

— ...அக்கா. எடுத்துருச்சுக்கா. கேக்குதா?

— கேக்குது. தேயிலை பெக்டரி போய்ச் சேர்ற வரைக்கும் நிப்பாட்டாதீங்க. நாளைக்கு ஸ்டார்ட்டரக் கழட்டி அந்தக் கிளட்ச மாத்தணும்.

— நானே அங்க கொண்டாறேன். பாஸ் காதுல கொஞ்சம் போன வைங்க, ரெண்டு வார்த்த பேசணும்.

— ஹற்றன்ல வேற பாஸ் யாரையாச்சும் பாருங்க தம்பி.

— ஏன்க்கா?

— அவரப் பொதச்சு நாப்பத்தோரு நாளாச்சு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அதனால இந்த நம்பருக்கு இப்ப யாரும் போன் பண்றதில்ல. நீங்க அவரக் கேட்டப்போ, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.