சர்வேயர் வரும்வரை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் ஐயா. முன்பே சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, வையுங்கள். கொடுத்ததைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் எனக்கில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வரும் கார் கடலில் அடிபடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கடல்மேல் பழிபோடுவது சுலபம், அது எதிர்த்துப் பேசாது. உண்மையில் கார் அடிபடுவது அதைக் கட்டியவன் கையில்தான். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பட்டையைப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு பட்டை தளர்ந்தாலும் போச்சு. கப்பல் ஆடுகிற ஆட்டத்துக்கெல்லாம் கார் சுவரில் முட்டிக்கொண்டே வரும். இங்கே எங்கள் யார்டில் கதவைத் திறந்து பார்த்தால் ஆசை ஆசையாக அனுப்பிய வண்டி காயலான் கடைச் சரக்காக நிற்கும்.

அப்படி நிற்கிற காருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுப்பதுதான் என் வேலை. அதற்கு ஒரே ஒரு விதி. சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயரும் கப்பல் கம்பெனி ஆளும் பக்கத்தில் நிற்கும்போதுதான் கண்டெய்னர் கதவில் போட்ட சீலை உடைக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. வைத்தால், 'நீங்களே இடித்துவிட்டு எங்கள் தலையில் கட்டுகிறீர்களா' என்று கையை விரித்துவிடுவார்கள். சுங்க அதிகாரி சோதனைக்காகத் திறந்தால்கூட, பார்த்துவிட்டு மூடி, புதுச் சீல் போட்டுவிட்டுத்தான் போவார்.

இந்த விதியை ஒருமுறை மீறியிருக்கிறேன். ஒரு தையல்காரர். ஆயுசெல்லாம் வெளிநாட்டில் தைத்துச் சேர்த்த காசில் ஒரு கார் வாங்கி அனுப்பியிருந்தார். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்கிறதே, ஒரே ஒருமுறை திறந்து காட்டுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனசு கேட்கவில்லை, திறந்தேன். அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் கேட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளி மட்டும் சொன்னார்: "உன் இரக்கத்தை வீட்டுல வெச்சுட்டு வேலைக்கு வா."

நான் சூடு கண்ட பூனை ஐயா. அன்றிலிருந்து யார் அழுதாலும் திறந்ததில்லை. யார்டில் எனக்குச் 'சீல் அண்ணன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்தவன் ஒல்லிதான். எங்களிடம் கார் கட்டுகிறவன், அவிழ்க்கிறவன். கண்டெய்னர் சுவருக்கும் காருக்கும் நடுவில் உடம்பை நுழைக்க அவனால்தான் முடியும். அந்த இடுக்கில் கார்க் கதவைத் திறக்க வராது, அதனால் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போவான், அதே வழியில் வெளியே வருவான். "காத்தடிச்சா என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்கண்ணே" என்று அவனே அவனைக் கிண்டல் செய்துகொள்வான். அவன் கட்டிய கார் அசைந்து நான் பார்த்ததில்லை. அவன் மனைவி என் தங்கையோடு படித்தவள், என்னையும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு வந்த கார் ஒரு நர்ஸம்மாவுடையது. வெளிநாட்டில் ராத்திரி பகல் பாராமல் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்த் திரும்பி வந்தவர். நடக்க முடியாத அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் அந்தக் கார். சுங்க அதிகாரி கதவைத் திறந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தோம், உள்சுவரில் முட்டி முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. ஒரு பட்டை அறுந்து, ஒரு கட்டை விலகிக் கிடந்தது. கண்டெய்னரை இன்னொருமுறை தூக்கி வைத்தால் கார் பின்னால் உருண்டு பின்பக்கமும் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது.

அதிகாரிக்கு போன் வந்தது. ஜீப் பக்கம் நகர்ந்து போய்ப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒல்லியைக் கூப்பிட்டு, "சட்டுனு போய் அந்தக் கட்டையை மட்டும் தள்ளி வெச்சுட்டு வாடா, ஹேண்ட்பிரேக்கையும் பாத்துடு" என்றேன். அவன் சட்டையைக் கழற்றி ஷெட் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். சட்டை மாட்டிக்கொண்டால் அவனுக்கே அந்த இடுக்கு பத்தாது.

நினைத்ததைவிடச் சீக்கிரம் அதிகாரி திரும்பி வந்தார். "யாரும் உள்ள போகலையே?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

கதவை மூடினோம். சீல் போட்டாயிற்று. அவர் சீல் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பினார்.

ஒல்லி முன்பே வெளியே வந்திருப்பான் என்று நினைத்தேன். சாயங்காலம் எஞ்சின்கள் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. இப்படித்தான் முதல் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அப்போதே சீலை உடைத்திருக்கலாமே என்கிறீர்கள். உடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரியிடம் நான் பொய் சொன்னது வெளியே வரும். சர்வே கெட்டுவிடும். நர்ஸம்மா என் கேட்டுக்கு எதிரே வந்து உட்காருவார். சர்வேயர் மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஒரு ராத்திரிதானே, பொறுத்துக்கொள்வான் என்று கணக்குப் போட்டேன். வாலிபப் பையன், உழைத்த உடம்பு. கதவில் காதை வைத்து, "சத்தம் போடாத, காலைல ஆள் வந்துடும்" என்று அவனுக்குச் சொல்லவும் சொன்னேன். அவன் தட்டுவதை நிறுத்தினான். நான் சொன்னால் கேட்பான்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அதை எடுத்து அணைத்து என் மேஜை டிராயரில் வைத்தேன்.

மறுநாள் சர்வேயர் வரவில்லை. வேறொரு துறைமுகத்தில் பெரிய வேலை, நாளைக்கு வருகிறேன் என்றார். "கொஞ்சம் சீக்கிரம் வந்தா நல்லது சார்" என்று கேட்டுப் பார்த்தேன். "ஏன், ஏதாவது அவசரமா?" என்றார். அவசரம் என்றால் காரணம் கேட்பார். "அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

வெயில் ஏற ஏற மறுபடியும் தட்ட ஆரம்பித்தான். இந்தமுறை கையால் இல்லை. ஆட்கள் நடமாடுகிற இடம், அதனால் கிரேன்காரரைக் கூப்பிட்டு, அந்தக் கண்டெய்னரை யார்டின் கடைசி மூலைக்கு, காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன்.

"சர்வே பெட்டிய எதுக்குண்ணே இப்ப தூக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"யாரும் கை வெச்சிடக் கூடாதுல்ல" என்றேன்.

தூக்கும்போது உள்ளே கனமாக எதுவோ உருண்டு போய் இடித்தது. கிரேன்காரர் கீழே எட்டிப் பார்த்தார். கார்தான் என்று கையசைத்தேன்.

அன்று மதியம் ஒல்லியின் மனைவி வந்தாள். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "நேத்து வேலைக்கு வந்தவரு வீட்டுக்கே வரலண்ணே. போனும் எடுக்கல. இங்கதான இருந்தாரு?"

உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். "சீக்கிரமே கிளம்பிட்டாம்மா. கூட்டாளிங்களோட எங்கயாவது போயிருப்பான்."

"அவருக்கு ஏதுண்ணே கூட்டாளி? வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலை." டீயைத் தொடாமலே கேட்டாள்: "போலீஸ்ல சொல்லிடட்டுமா?"

"அவசரப்படாதம்மா. நாளைக்கு வந்து நின்னா அவனுக்குத்தான அசிங்கம்? எங்க போயிடப் போறான்."

நான் சொன்னதில் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. டீயை முழுசாகக் குடித்தாள். அவள் போகும்வரை என் காது அந்த மூலையிலேயே இருந்தது. அவள் கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் ஒருதரம் லேசாகக் கேட்டது. அவளும் நின்று திரும்பிப் பார்த்தாள். "காலிப் பெட்டிம்மா, வெயில்ல தகரம் முறுக்கும்" என்றேன். உண்மையிலேயே தகரம் முறுக்கும் ஐயா, நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீராவது விடலாமே என்று எனக்கும் தோன்றியது. கண்டெய்னரின் மேல்பக்கம் காற்றுக்கு ஒரு சின்ன வழி இருக்கும். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன், பாட்டில் நுழையாது. குழாய் விட்டால் நுழைந்திருக்கும். ஆனால் தண்ணீர் கார்மேல் வழிந்தால் சர்வேயர் அதை மழைச்சேதம் என்று எழுதிவிடுவார். இறங்கிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் சர்வேயர் வந்துவிட்டார். வரும்போதே கோபமாக வந்தார், பெட்டி ஏன் இந்த மூலையில் கிடக்கிறது என்றார். கப்பல் கம்பெனி ஆளும் கூட இருந்தார். விதிப்படி எல்லாம் நடந்தது. சீல் எண்ணை இருவரும் சரிபார்த்தார்கள், என் கண் முன்னால் வெட்டினார்கள். மூலையில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. முந்தின நாள் இருட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது.

கதவைத் திறந்ததும் சர்வேயர் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் கம்பெனி ஆள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். முன்பக்கச் சேதத்தை முதலில் குறித்துவிடுங்கள் சார், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று தெரியவில்லை.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். யாராவது ஒருவர் பார்த்துத்தானே ஆக வேண்டும். கடலில் பட்ட கீறல் துரு ஏறிக் கறுத்திருக்கும், புதுக் கீறல் பளபளக்கும். கதவின் உள்பக்கம் முழுக்கப் பளபளத்தது. சக்கரத்துக்கு வைக்கச் சொன்ன கட்டையை எடுத்து அதனாலேயே இடித்திருக்கிறான். கட்டை இல்லாததால்தான் தூக்கும்போது கார் பின்னால் உருண்டு, அவன் நின்ற இடத்தில் கதவோடு மோதியிருக்கிறது. எதற்கு அவனை உள்ளே அனுப்பினேனோ, அதை அவனே கெடுத்துவிட்டான். பின்பக்கமும் போயிற்று. நர்ஸம்மாவின் இழப்பீடும் போயிற்று.

ஒல்லியின் மனைவி இப்போது என் வீட்டு வாசலுக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாளாம், என் மனைவி சொன்னாள். திட்டுவதில்லையாம். பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம்.

சத்தத்தை முதலில் எப்போது கேட்டாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். சாயங்காலம் என்று எழுதியது தப்பு. திருத்திக்கொள்ளுங்கள். அதிகாரி சீலை என் கையில் கொடுத்து, "நீயே போட்டுடுய்யா" என்றார். அவர் எட்ட நின்று பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். டிரெய்லர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் காது கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளிருந்து இரண்டு தட்டு, பிறகு "அண்ணே, நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்" என்று மெதுவாக, அதிகாரிக்குக் கேட்காதபடி சொன்னான். என் பொய்யைக் காப்பாற்றத்தான் மெதுவாகச் சொன்னான் என்று அப்போதே புரிந்தது.

அதற்குப் பிறகுதான் சீலை அழுத்தினேன்.

நர்ஸம்மாவைப் பார்த்தால் மட்டும் ஒன்று சொல்லிவிடுங்கள் ஐயா. சர்வேயர் வரும்வரை சீல் உடையவே இல்லை. என் பக்கத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.