பச்சை டப்பா மருந்து

ஐலீன்: சிவப்பு டப்பாவைத் தேடினா, தூக்கி மேல் தட்டுல போட்டிருக்கே. இதென்ன அக்கா, புதுசா பச்சை?

வெர்னா: தோட்டாவுக்கு இனிமே இந்த வெடிமருந்துதான்.

ஐலீன்: நாளை மறுநாள் மான் வேட்டை சீசன் ஆரம்பம். மலையில பனி விழுந்து மானெல்லாம் கீழ இறங்கிடுச்சாம். முப்பது வருஷமா சிவப்புலயே தோட்டா செஞ்சிட்டு, இப்போ போய்...

வெர்னா: சிவப்பு முரட்டு மருந்து. ஈயக் குண்டை விரட்டி அடிச்சா துப்பாக்கிக் குழலுக்குள்ள ஈயம் அப்பிக்கும். தெரியாதா உனக்கு?

ஐலீன்: அதுக்குத்தானே துளியூண்டு போடுறே. ஒருநாளும் அப்பினதில்லையே. இந்தப் பச்சை பாதி எரியாம உதிரும்னு திட்டினவளும் நீதான்.

வெர்னா: திட்டினேன். இப்போ பிடிச்சிருக்கு.

ஐலீன்: சுட்டுப் பார்த்தியா?

வெர்னா: நேத்து. நூறு கஜத்துல அஞ்சு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள்ள விழுந்துது.

ஐலீன்: சிவப்புல காசு அகலத்துக்குள்ள விழுமே.

வெர்னா: மான் என்ன காசு அகலமாவா இருக்கு?

ஐலீன்: நல்லா பேசு. கடைக்கார வென்டல் பழைய சரக்கை உன் தலையில கட்டிட்டானா?

வெர்னா: நானேதான் கேட்டு வாங்கினேன்.

ஐலீன்: ஏன்னு சொல்லேன். அந்தத் தோட்டாவைப் போட்டு, துப்பாக்கியைக் கன்னத்தோட ஒட்டி வெச்சுச் சுடப்போறவ நான்.

வெர்னா: அதனாலதான்.

ஐலீன்: புரியல.

வெர்னா: இந்தப் பித்தளைக் கூட்டைப் பிடி. சிவப்புல ஒரு அளவு ஊத்துறேன். எதுவரைக்கும் வந்திருக்கு?

ஐலீன்: அடியில கிடக்கு. கால்வாசிகூட இல்ல.

வெர்னா: இன்னொரு அளவு. வழிஞ்சுதா?

ஐலீன்: எங்க... மூணாவது ஊத்தினாலும் கொள்ளும்.

வெர்னா: மேல குண்டை வெச்சு அழுத்திட்டா, உள்ள ஒண்ணா ரெண்டான்னு பார்த்தாத் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கி வெடிச்சு, முகத்துல... சரி விடு. இப்போ பச்சை. ஒரு அளவு.

ஐலீன்: கழுத்து வரைக்கும் வந்துடுச்சு.

வெர்னா: இன்னொண்ணு.

ஐலீன்: போதும், போதும். மேஜை பூரா கொட்டுது அக்கா.

வெர்னா: கொட்டட்டும். கொட்டினாத் தெரியுமில்ல.

ஐலீன்: நீதான் கூடு கூடா டார்ச் அடிச்சுப் பார்ப்பியே.

வெர்னா: பார்க்கிறேன். பார்த்தேனாங்கிறது மனசுல நிக்கிறதில்ல.

ஐலீன்: எப்போலேருந்து?

வெர்னா: பனி உருகினதுலேருந்து. நாய் ஏன் இப்படிக் கொழுத்துட்டான்னு கேட்டியே. தினமும் ரெண்டு தடவை காலைச் சாப்பாடு வெச்சிருக்கேன்.

ஐலீன்: டாக்டர்கிட்ட...

வெர்னா: போயிட்டு வந்துட்டேன். துணி வாங்க மிசூலா டவுனுக்குப் போறேன்னு சொன்னேனே, அன்னைக்கு.

ஐலீன்: துணி எங்கேன்னு கேட்டதுக்கு, நிறம் பிடிக்கலைன்னே.

வெர்னா: பொய் மட்டும் மறக்காம வருதுடி.

ஐலீன்: என்ன சொன்னாங்க?

வெர்னா: ஆரம்பம்னாங்க. அதை விடு. ஆகஸ்ட்ல ஒருநாள், கூடுகள்ல பாதிக்கு மருந்து ஊத்தியிருந்தேன், போன் அடிச்சுது. பேசிட்டுத் திரும்பி வந்தா, எதுவரைக்கும் ஊத்தினேன்னு தெரியல. ஏதோ ஒரு நம்பிக்கையில முடிச்சுட்டேன். மறுநாள் மனசு கேக்கல. அத்தனையையும் தராசுல வெச்சுப் பார்த்தேன். எல்லாம் ஒரே எடை.

ஐலீன்: அப்போ சரியாத்தானே செஞ்சிருக்கே?

வெர்னா: ஐம்பது செஞ்சேன். பெட்டியில நாற்பத்தொம்பதுதான் இருந்துது. மூணு தடவை எண்ணினேன். எண்ணக்கூட வரலைன்னு ஆனதும் எனக்குப் பயம் வந்துடுச்சு, ஐலீன். நான் இனிமே காட்டுக்கே போக முடியலைன்னாலும் பரவாயில்ல. உன் முகத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா...

ஐலீன்: போன் பேசிட்டு வந்து நீ திகைச்சு நின்னதைப் பார்த்தேன்.

வெர்னா: பார்த்தியா? பார்த்துட்டு இத்தனை நாள் சும்மாவா இருந்தே?

ஐலீன்: அன்னைக்கே, நீ கோழிக்குத் தீனி வைக்கப் போனப்போ, நானும் எடை போட்டேன். உனக்கு எண்ணத் தெரியும் அக்கா. ஐம்பதுதான் இருந்துது. ஒண்ணு மட்டும் கனமா இருந்துது. அது ஆகஸ்ட்லேருந்து என் கோட்டுப் பையில இருக்கு.