கிரீடத்தால் அளந்த நித்திரை

பக்கத்து வீட்டு மாக்ரெட் அன்ரியின் அழைப்பு திரும்பவும் வருகிறது. நான் எடுக்கவில்லை. ஃபோனை எடுக்காமல் விடுவது பெரிய குற்றமில்லை, எங்கள் வகுப்பில் யாருமே எடுப்பதில்லை. ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அது அடியில் கிடந்து அதிர்கிறது. அன்ரி இப்போது ஆஸ்பத்திரியில், ஒஸ்வால்ட் அங்கிளின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அன்ரியின் ஹாண்ட்பேக்கில் எங்கள் வீட்டு மாதா இருக்கிறார். மாதாவுக்குள் இருப்பது தண்ணீர் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முறையாகச் சொல்கிறேன்.

எனக்குப் பதினாறு வயது. வீடு கொட்டாஞ்சேனையில், மூன்றாம் மாடி. ரியூசனில் பழக்கமான இன்ஸாபும் நானும் சேர்ந்து ஒரு சின்ன விமானம் செய்தோம். அதற்குப் பெருவிரல் அளவில் ஒரு டீசல் எஞ்சின். பெயர்தான் டீசல், பெற்றோல் ஷெட்டில் அடிக்கிற டீசலை அது குடிக்காது. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் நாமே கலந்து கொடுக்க வேண்டும். ஈதர் எங்கிருந்து வந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னால் இன்ஸாபின் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, வேலை போய்விடும். நான் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவள் இல்லை.

கலந்ததை எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சினை. தெரியாத போத்தல் எதைக் கண்டாலும் அம்மா கழுவி, தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்துவிடுவார். பீடத்தில், சின்னம்மா லூர்துவிலிருந்து புனிதத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்த பிளாஸ்டிக் மாதா நின்றார். நீலக் கிரீடத்தைத் திருகினால் திறக்கும். உள்ளே இருந்த தண்ணீரைப் பூச்சாடிக்கு ஊற்றினேன். செடி ஒன்றும் அற்புதமாகப் பூக்கவில்லை. அம்மா மாதாவின் தலையில் ஒருநாளும் கை வைக்கமாட்டார் என்பதால் அதைவிடப் பாதுகாப்பான இடம் வீட்டில் இல்லை. சில நாளில் மாதா இடுப்புப் பக்கம் கொஞ்சம் உப்பிப்போனார். வெயிலுக்கு என்றார் அம்மா.

புது எஞ்சினை உடனே பறக்கவிட முடியாது. பலகையில் பூட்டி, மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பழக்க வேண்டும். பின்பக்கப் பல்கனியில் வைத்து ஓடவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஒஸ்வால்ட் அங்கிளின் அறை. துறைமுகத்தில் காலம் முழுக்க இரவு வேலை பார்த்தவர். பென்சன் எடுத்த பிறகும் பகலில்தான் படுப்பார். நித்திரைதான் வராது.

"அடியே ரொஷேல்," என்று கைத்தடியால் சுவரில் இடித்தார். "என்னடி அங்க? நுளம்புக்குப் பல்லுப் புடுங்கிறியா?"

"எஞ்சின், அங்கிள்."

"ஃபிளட் கமிட்டிக்குச் சொல்லி அத ஹாபருக்குள்ள போடாட்டி நான் ஒஸ்வால்ட் இல்ல."

"அப்ப என்ன பேர் வெப்பாரு?" என்றான் இன்ஸாப், மெதுவாக.

அங்கிள் சும்மா சொல்கிறவர் இல்லை. கீழ்வீட்டு நாயை அப்படித்தான் அனுப்பிவைத்தார்.

ஒருநாள் நான் ரியூசனில் இருந்தபோது, அங்கிளின் மனைவி மாக்ரெட் அன்ரி மாதா தண்ணீர் கேட்டு வந்திருக்கிறார். அம்மா மாதாவையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்ரி தன் கைலேஞ்சியை அதில் நனைத்து, தலையணையில் அங்கிளின் மூக்கருகே வைத்து, செபமாலை சொல்லியிருக்கிறார். பொழுதுபடும்வரை அங்கிள் எழும்பவில்லை.

"உங்கட மாதாவில ஏதோ இருக்குப் பிள்ளை," என்றார் அன்ரி என்னிடம். "எங்கட மாதா சும்மா தண்ணி."

"மணம் ஒண்டும் இல்லையா அன்ரி?"

"கொஞ்சம் மண்ணெண்ணெய் மணம்தான். அவ்வளவு தூரத்தில இருந்து வாறா தானே. தலையணை உறைதான் எண்ணெயாப் போச்சு."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தேன். அங்கிளுக்கு நித்திரை வேண்டும், எனக்கு எஞ்சின் ஓட வேண்டும், அன்ரிக்கோ ஓர் அற்புதம் கிடைத்திருக்கிறது. அதை ஏன் கெடுக்க வேண்டும்? முந்திய காலத்தில் ஒப்பரேசனுக்கு ஆளை மயக்கியது ஈதர்தான்; மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் அங்கிளுக்குத் தேவையில்லை என்பதால் மாதாவைக் கழுவி, ஈதரை மட்டும் ஊற்றி அன்ரியிடமே கொடுத்தேன். தலையணை உறை பழுதாகக்கூடாது என்ற அக்கறைதான்.

மாதாவின் கிரீட மூடியால் அளக்க நானே சொல்லிக்கொடுத்தேன்.

"ஒரு கிரீடம் போதும் அன்ரி. யன்னலச் சாத்துங்கோ. மெழுகுதிரி மட்டும் கொளுத்தவேண்டாம், இந்த மாதாவுக்கு இருட்டுத்தான் பிடிக்கும்."

மெழுகுதிரியைத் தடுத்தவள் நான் என்பதைக் கவனிக்க வேண்டும். வேறு யாராவது என்றால் அந்த வீடு எரிந்திருக்கும்.

"என்ன, கிழவன்ட சத்தத்தக் காணல்ல?" என்று இன்ஸாப் கேட்டான்.

"மாதா பாத்துக்கொள்ளுறா."

"அப்ப எங்கட உம்மாவுக்கும் ஒண்டு தாவே. எழும்பினா ஏச்சுத்தான்."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். எஞ்சினும் நாளுக்கு நாள் பதமாக ஓடியது. ஒரு கிரீடம் பிறகு இரண்டானது. அங்கிள் மெலிந்துபோனார். ஒருநாள் மாடிப்படியில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் யாருடைய பிள்ளை என்று கேட்டார். வயசு போகுது என்றார் அன்ரி. நானும் வயசுதான் என்றேன். மூடிய அறையில் பாவிக்கக்கூடாது என்று இன்ஸாப் கொண்டுவருகிற ஈதர் போத்தலில் இங்கிலிஷில் எழுதியிருக்கிறது. இங்கிலிஷில் எனக்கு ஏ.

நாளைக்கு இரத்மலானையில் சின்ன விமானங்களுக்கான போட்டி. இன்று கடைசி ஓட்டம். எஞ்சினுக்கு முன்னால் சுழலும் காற்றாடியைப் புதிதாகப் பூட்டியதில் சத்தம் கூடிப்போனது. சத்தம் கூடினால் அளவும் கூடத்தானே வேண்டும். அன்ரியிடம் மூன்று கிரீடம் என்றேன். எஞ்சின் பின்னேரம் முழுவதும் ஒரு தரமும் திக்காமல் ஓடியது. அதை நிறுத்தியபோதுதான் அன்ரி அழுவது கேட்டது. அங்கிளைக் கதிரையோடு தூக்கிப் படியால் இறக்கினார்கள். அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியது நான்தான். வேறு யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த அம்மா சொன்னார். என்ன கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். மாதா தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை என்றாராம் அன்ரி. "ஏக ஹரி அம்மே, வென மொனவத?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தாராம். அது சரி அம்மா, வேறென்ன என்று. அன்ரி உண்மையைத்தான் சொன்னார். டொக்டர் அதை எழுதிக்கொள்ளாததற்கு நான் பொறுப்பில்லை.

சொல்லத்தான் போகிறேன். போட்டி முடியட்டும். இப்போது சொன்னால் எஞ்சினைப் பறித்துவிடுவார்கள், நானாவின் வேலை போய்விடும், இத்தனை நாள் அங்கிள் பட்ட பாடும் வீணாகிவிடும்.

ஃபோன் அடங்கிவிட்டது. அன்ரி குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறார். கேட்டேன். பிறகு திரும்பவும் கேட்டேன்.

"ரொஷேல், நித்திரையா பிள்ளை? அங்கிள் கண் முழிச்சிட்டார், எல்லாம் மாதாவின்ர புண்ணியம். ஆனா ஒரே புலம்பல். உன்ர பேரத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறார், ஏனெண்டு விளங்கேல்ல. மற்ற நோயாளியளும் படுக்கவேணுமே. நேர்ஸ் இப்பதான் அங்கால போனவ. மாதாவத் திறந்து கையில வச்சுக்கொண்டு நிக்கிறன். கெதியாச் சொல்லு பிள்ளை, எத்தினை கிரீடம் விடட்டும்?"